மெசினக்காவும் மூன்று கட்சிகளும்

மெசினக்காவிடம் கொடி தைக்கக் கொடுப்பவர் முதலில் ஒரு பரீட்சை எழுத வேண்டும். எழுதாமல் கொடி கிடைக்காது. இது எனக்குத் தெரியாது. மே தினத்துக்கு நாலே நாள் இருந்தது. ஒரு கட்டுச் சிவப்புத் துணியைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு அக்கராயனில் இருந்து மிதித்துப் போய், மூச்சு வாங்க அவருடைய வீட்டு முகப்பில் இறக்கிய பத்திக்குள் நுழைந்தேன்.

"பன்னிரண்டு கொடி வேணும் அக்கா. வியாழனுக்கிடையில தருவீங்களோ?"

அவர் துணியை வாங்கவில்லை. தையல் மெசினுக்குப் பின்னால் இருந்தபடி என்னை மேலும் கீழும் பார்த்தார். வாயில் இரண்டு குண்டூசி இருந்தது. அவற்றை எடுத்துச் சேலைத் தலைப்பில் குத்திவிட்டுக் கேட்டார்.

"தச்சிரலாம் தம்பி. ஒங்க கட்சி என்னா சொல்லுது?"

கேட்டாரே ஒரு கேள்வி! எனக்குப் பதினெட்டு வயது. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்த காலம். வாசித்த துண்டுப் பிரசுரங்கள் எல்லாம் நாக்கு நுனியில் வரிசையில் நின்றன. உழுபவனுக்கே நிலம், உழைப்பவனுக்கே பலன், எல்லாம் எல்லாருக்கும் பொது என்று இருபது நிமிடம் நிறுத்தாமல் பேசியிருப்பேன். அவர் ஒரு சட்டைக்குத் தெறி வைத்துக்கொண்டே கேட்டார். முடித்ததும் நூலைப் பல்லால் கடித்தார்.

"நல்லாத்தான் இருக்கு. இது எங்க ஆளுங்க முன்னயே செஞ்சதுதான்."

"ஆர் உங்கட ஆக்கள்?"

"ஏசுவோட சீசனுங்க. அவரு போனதுக்கப்புறம் காணி, வீடு எல்லாத்தயும் வித்து ஒரு எடத்துல கொண்டாந்து வச்சாங்க. யாருக்கு எது வேணுமோ அத எடுத்துக்கிட்டாங்க. வேதத்துல இருக்கு."

"பாத்தீங்களே அக்கா! அதைத்தான் நாங்களும்..."

"ஒரு வித்தியாசம் தம்பி. அவங்க தங்களோட காணிய வித்தாங்க. நீங்க அடுத்தவன் காணியிலயில்ல ஆரம்பிக்கிறீங்க? ஒங்க அப்பாவுக்கு எத்தன ஏக்கரு?"

யாழ்ப்பாணத்தில் இருந்து குடியேற்றத் திட்டத்தில் வந்து, காடு வெட்டி, குளத்தின் கீழ் அப்பா எடுத்த வயல். "மூண்டு" என்றேன்.

"அதுல எத்தன ஏக்கரு பொது?"

நான் மெசினைப் பார்த்தேன். கூரையைப் பார்த்தேன். பிறகு "துணியை அளக்கேல்லையோ அக்கா?" என்றேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். வியாழனுக்கு முதல் நாளே பன்னிரண்டு கொடியும் தயாராகிவிட்டன. இரட்டைத் தையல், ஓரம் மடித்து அடித்தது. ஐந்து மே தினம் தாங்கும்.

அவர் மலையகத்து ஆள். எழுபத்தேழுக் கலவரத்தில் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளை எரித்தபோது, புருசனும் அவரும் தையல் மெசினின் தலையை மட்டும் ஒரு சாக்கில் போட்டுத் தூக்கிக்கொண்டு இறங்கியவர்கள். லொறியில் அந்தச் சாக்கு ஓர் ஆள் இருக்கிற இடத்தைப் பிடித்தது. சனம் ஏசியது. மெசினுக்குத் தன்னுடைய இடத்தைக் கொடுத்துவிட்டு அக்கா வவுனியா வரை நின்றுகொண்டே வந்தாராம். பிறகு எங்கள் குளத்துக்கு அப்பால் காட்டுக்கரையில் நாற்பது குடும்பத்துக்கு ஒதுக்கிக் கொடுத்த இடத்தில் அரை ஏக்கர் கிடைத்தது. புருசன் மர ஆலையில் வேலை செய்தார். அவர் பாலைமரப் பலகையில் ஒரு மேசை அடித்துக் கொடுத்தார். மெசின் மறுபடி ஓடியது. அந்தப் பகுதி முழுக்கத் தையல் மெசின் அக்காவிடம் ஒன்றுதான் இருந்தது. அதனால் மெசினக்கா. சொந்தப் பெயரை நான் கேட்டதில்லை. வேறு யாரும் கேட்டதாகவும் தெரியவில்லை.

அந்தக் காட்டுக்கரைக் குடியேற்றத்தில் மற்றவர்கள் எல்லாரும் சைவர்கள். வேதக்காரர் என்று இருந்தது இவர்கள் ஒரு குடும்பம்தான். மாதத்துக்கு ஒரு தடவை கிளிநொச்சியில் இருந்து ஒரு போதகர் சைக்கிளில் வருவார். அவரையும் மெசினக்கா விட்டுவைக்கவில்லை. "ஐயா, போன மாசம் செருப்பில்லாம வந்தீங்க, பிரசங்கம் நல்லாயிருந்திச்சு. இந்த மாசம் சப்பாத்து போட்டுக்கிட்டு வந்து வறுமையப் பத்திப் பேசறீங்களே" என்று முகத்துக்கு நேரே கேட்டதை நானே பார்த்தேன். பாவம், அது யாரோ கொடுத்த பழைய சப்பாத்து. மெசினக்கா அன்று பின்னேரமே மன்னிப்புக் கேட்டார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அவருடைய வாய் அப்படி. முதலில் கேட்டுவிடும். பிறகுதான் யோசிக்கும்.

ஒரு பழக்கம் சொல்கிறேன். கொடியோ பனரோ, எந்தக் கட்சிக்குத் தைத்தாலும், தைத்து முடித்ததும் மடியில் விரித்து, உள்ளங்கையால் ஒரு தரம் தடவி, வாய்க்குள் ஜெபம் செய்வார். என்ன ஜெபம் என்று கேட்டேன்.

"இதத் தூக்குற கை யாரு மேலயும் ஓங்கக் கூடாதுன்னு."

"எங்கட கட்சிக்குக் கடவுள் இல்லை அக்கா. சும்மா மினக்கெடாதேங்கோ."

"கேட்டு வைக்கறதுல துணி சுருங்கவா போகுது? கொண்டு போங்க."

அந்தப் பத்தியில் ஒரு பழைய கதிரை கிடந்தது. கட்சிக்காரர்கள் வந்து குந்துகிற கதிரை. பரீட்சை அதில்தான் நடக்கும். தமிழ்க் கட்சிக்குப் பனர் தைக்க வந்த வாத்தியார் ஒருவர் அதில் இருந்து பட்டபாட்டை நான் மறக்கமாட்டேன். வெள்ளை வேட்டி, கணீரென்ற குரல். மெசினக்கா கேட்காமலே அவர் தொடங்கிவிட்டார்.

"பிள்ளை, நீங்கள் வேதக்காரர். உங்களுக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. அடிமைப்பட்ட சனத்தை மோசே கூட்டிக்கொண்டு போனார்தானே? எங்கட தலைவரும் அப்பிடித்தான்."

"சரிங்க. கூட்டிட்டுப் போயி என்னா சட்டம் குடுத்தாரு?"

"பத்துக் கட்டளை."

"அதுக்குப் பின்னால நெறய இருக்குங்க ஐயா. ஒங்க நடுவுல வந்து தங்குற பரதேசிய ஒங்களுக்குள்ள பொறந்தவன் மாதிரி வச்சுக்கணும், நீங்களும் பரதேசியாத்தானே இருந்தீங்கன்னு ஒரு சட்டம் இருக்கு. நாங்க இங்க பரதேசிங்க. சந்தைக்குப் போனா 'தோட்டக்காட்டான்'ங்கறாங்க. அப்பிடிச் சொல்லாதீங்கன்னு ஒங்க நோட்டீசுல ஒரு வரி போடுவீங்களா?"

வாத்தியார் கதிரையில் கொஞ்சம் அசைந்தார். பிறகு அவருக்குக் கோபம் வந்தது. "உங்களுக்கு வோட்டே இல்லை. அதுக்குள்ள இவ்வளவு கேள்வி!"

உண்மைதான். இந்தியாவில் இருந்து வந்த பரம்பரை என்று மலையகத் தமிழரில் பலருக்கு அரசு குடியுரிமை கொடுக்கவில்லை, பத்திரம் இல்லாவிட்டால் வோட்டும் இல்லை. குடியேற்றத்தில் முப்பது நாற்பது பேருக்குத்தான் குடியுரிமைப் பத்திரம் கிடைத்திருந்தது. மெசினக்காவின் புருசனுக்குக் கிடைத்திருந்தது. அவருக்குக் கிடைக்கவில்லை. மெசினக்கா கொஞ்சமும் கோபிக்கவில்லை.

"வோட்டு இருக்கறவங்க யாரும் கேக்கலீங்களே. அதான்."

வாத்தியாரைப் பற்றி ஒரு நல்ல வார்த்தையும் சொல்ல வேண்டும். அவர் அடுத்த நாள் பனரை எடுக்க வந்தபோது, அந்தச் சொல்லைத் தன் வகுப்பில் ஒரு பிள்ளை சொன்னதாகவும், தான் கண்டித்ததாகவும் வலிய வந்து சொன்னார். "நோட்டீசில போட மேலிடம் விடாது பிள்ளை" என்றும் சொன்னார். மெசினக்கா அவருக்கு வெற்றிலை கொடுத்தார்.

அரசாங்கக் கட்சியின் அமைப்பாளர் கிளிநொச்சியில் நெல் ஆலை வைத்திருந்தவர். ஜீப்பில் வருவார். சிரித்த முகம். அவரும் வேதத்தோடுதான் வந்தார். எல்லா அதிகாரமும் ஆண்டவன் தந்தது என்று உங்கள் புத்தகத்திலேயே இருக்கிறதாமே என்றார்.

"இருக்குங்க. ராசா வேணும்னு சனங்க கேட்டப்ப சாமுவேல் தீர்க்கதரிசி சொன்னதும் இருக்கு. ராசா வந்தா ஒங்க புள்ளைங்கள எடுத்துக்குவான், நல்ல வயல எடுத்துத் தன்னோட ஆளுங்களுக்குக் குடுத்துருவான்னு."

அமைப்பாளர் கடகடவென்று சிரித்தார். "நீ தோட்டத்தில பிறந்திருக்கக் கூடாது தங்கச்சி, கோட்டில வழக்காடப் பிறந்திருக்க வேணும்!" என்றார். குடியேற்றத்துக்குக் குழாய்க்கிணறு போட்டுத் தந்தது அவர்தான். அதையும் மெசினக்கா மறக்கமாட்டார். "தாகத்துக்குத் தண்ணி குடுத்த கட்சிங்க அது. அந்தக் கணக்குல ஒங்க எல்லாருக்கும் மேல" என்று எங்களைச் சீண்டுவார்.

இப்படி ஒவ்வொரு கட்சியிலும் ஒரு நேரான தையலையும் ஒரு கோணல் தையலையும் காட்டிக்கொண்டே இருந்தால் எனக்கு எப்படியிருக்கும்? எனக்கு ஒரு முடிவு வேண்டியிருந்தது. ஒருநாள் மடக்க நினைத்துக் கேட்டேன்.

"எல்லாருக்கும் பிழை சொல்லுறியள். வேதம் சொல்லுற எல்லாத்திலயும் எது எந்தக் கட்சியிலயும் இல்லை?"

"எதிரிய நேசிக்கறது" என்றார் உடனே.

"நீங்கள் நேசிப்பியளோ?"

மெசின் நின்றது. சக்கரத்தில் வைத்த கையை எடுக்காமலே சொன்னார். தோட்டத்துக்குக் கீழே ஒரு கடைவீதி. அங்கே ஒரு கடையில் ஒன்பது வருடம் நூல் வாங்கியிருக்கிறார். கலவரத்தன்று பந்தத்தோடு வந்த கூட்டத்துக்கு லயத்தைக் காட்டிக்கொடுத்தவன் அந்தக் கடைக்காரன்.

"தெனமும் அவனுக்காக ஜெபம் பண்ண ஒக்கார்றேன் தம்பி. பேரு வரைக்குந்தான் வருது. அதுக்கப்புறம் வாய் தெறக்க மாட்டேங்குது. அந்தப் பாடத்துல நான் பெயிலு."

நான் மடக்க வந்தவன். எழும்பிச் சைக்கிளை எடுத்தேன்.

எண்பத்திரண்டு கடைசியில் சர்வசன வாக்கெடுப்பு வந்தது. வேட்பாளர் யாருக்கும் வாக்குப் போடுவதில்லை. பாராளுமன்றத்தைத் தேர்தல் இல்லாமல் நீடிக்கலாமா என்பதுதான் கேள்வி. ஆம் என்றால் விளக்குச் சின்னம், இல்லை என்றால் குடம். சுவரெல்லாம் விளக்கும் குடமும்! மெசினக்காவின் பத்திக்கு ஒரே வரத்துப் போக்கு. வேதத்தில் விளக்குத்தானே உயர்வு என்று ஒருவர். குடம் இல்லாமல் வேதம் உண்டா என்று இன்னொருவர். மெசினக்கா கிதியோன் என்ற படைத்தலைவனின் கதையைச் சொன்னார். முந்நூறு பேர், ஒவ்வொருவர் கையிலும் ஒரு வெறும் குடம், குடத்துக்குள்ளே எரிகிற விளக்கு.

"கொடத்த ஒடச்சப்புறந்தானே வெளிச்சம் வந்திச்சு? அப்ப வெளக்குத்தான்!" என்றார் தேத்தண்ணிக் கடைக்காரர். அவர் மெசினக்காவின் பக்கத்துக் காணிக்காரர். தன் கடை முழுக்க விளக்குப் படம் ஒட்டியிருந்தார்.

"குடம் இல்லாட்டி விளக்குக் காத்தில நூந்திருக்கும்!" என்றேன் நான்.

"ரெண்டும் ஒரே ஆளு கையிலதான் இருந்திச்சு" என்று சொல்லிவிட்டு மெசினக்கா மெசினை மிதித்தார்.

அந்தப் பதிலோடு விட்டிருக்கலாம். நான் விடவில்லை. குடியேற்றத்தில் வோட்டு உள்ள முப்பது நாற்பது பேரும் மெசினக்கா சொன்னால் கேட்பார்கள் என்று எனக்குத் தெரியும். எங்கள் கட்சிக் காரியாலயத்தில் நோட்டீஸ் அடிக்கிற ஒரு றோணியோ மெசின் இருந்தது. ஒரே இருப்பில் எழுதினேன். 'மெசினக்கா சொல்கிறார்: வேதத்தின் சின்னம் குடமே!' எலியா தீர்க்கதரிசியின் நாளில் விதவையின் பானையில் மா குறையவில்லை. கானாவூர்க் கலியாணத்தில் தண்ணீர் திராட்சை ரசமானது சாடியில். ஆகவே வாக்குச் சீட்டில் குடத்துக்கே புள்ளடி! எனக்கே எழுத்தின் வேகம் பிடித்திருந்தது. இருநூறு பிரதி அடித்து, விடிந்தும் விடியாததுமாக வீடு வீடாகச் செருகினேன்.

அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் மறுப்பார் என்று தெரிந்துதான் கேட்கவில்லை. அதை இப்போது ஒளிக்க விரும்பவில்லை.

மூன்றாம் நாள் காலை. நான் பத்தியில்தான் நின்றேன், அப்பாவின் சட்டையை எடுக்க. ஜீப் வந்தது. அமைப்பாளர் இறங்கினார். சிரிப்பு இல்லை. கையில் என் நோட்டீஸ்.

"இது நீ சொன்னதோ தங்கச்சி?"

"இல்லீங்க."

"ஆர் எழுதினதெண்டு தெரியுமோ?"

மெசினக்கா என் பக்கம் திரும்பவே இல்லை.

"தெரியும். சொல்ல மாட்டேன்."

தெரியாது என்று ஒரு சொல். அவ்வளவுதான். நான் என்றால் அதைத்தான் சொல்லியிருப்பேன். அவருக்கு அது வரவில்லை.

அமைப்பாளர் கதிரையில் குந்தினார். நிதானமாகத்தான் பேசினார். தை மாதம் காணிக் கச்சேரி வருகிறது. குடியேற்றத்துக்கு அதிகாரிகள் வந்து, ஆளை ஆளாகக் கூப்பிட்டு விசாரித்து, காணிக்குப் பெமிற் என்ற அனுமதிப் பத்திரம் எழுதுகிற நாள். பெமிற் இல்லாவிட்டால் அந்த அரை ஏக்கரும் அரசாங்கக் காடுதான், யாரையும் எப்போதும் எழுப்பி அனுப்பலாம். இந்தத் தடவை அமைப்பாளரின் கடிதம் இருந்தால்தான் பெமிற். நாற்பது கடிதமும் எழுதி வைத்திருக்கிறது.

"ஞாயிற்றுக்கிழமை கூட்டம். நீ மேடையில ஏறி, உன்ர வேதத்தில இருந்து விளக்குக்கு நாலு வார்த்தை சொல்லு. கடிதத்தை அங்கயே தாறன். இல்லாட்டி, உன்ர காணி கிணறோட இருக்கிற நல்ல இடம். கேக்கிற ஆக்கள் இருக்கினம்."

அந்தக் கிணறு குழாய்க்கிணறு அல்ல. மெசினக்காவும் புருசனுமாக ஒரு கோடை முழுக்கக் கல்லோடு மல்லுக்கட்டித் தோண்டிய கிணறு.

ஜீப் போனதும் "அக்கா, நான்தான்..." என்றேன்.

"தெரியும்னுதானே சொன்னேன்." அவர் குரல் உயரவில்லை. "நீங்க எழுதுன கதையெல்லாம் வேதத்துல உள்ளதுதான். அது இல்ல. வோட்டு இல்ல, பத்திரம் இல்ல. எங்கிட்ட இருக்கறது ஒரு வாய் தம்பி. அத என்னயக் கேக்காம எடுத்துட்டீங்க."

சட்டையை மடித்துக் கையில் தந்தார். அதன்பிறகு நான் என்ன சொன்னாலும் மெசின் சத்தம்தான் பதில்.

சனிக்கிழமை வேலி ஓரமாக நின்று உள்ளே போகத் துணிவில்லாமல் தயங்கினேன். அவருடைய புருசன் பேசுகிறது கேட்டது. வாயே திறக்காத மனிதர். அன்று கெஞ்சினார்.

"ஒரு வெளக்குன்னு சொல்லிட்டு எறங்கி வந்துரேன் புள்ள. கடவுளு என்னா, வோட்டு எண்ணவா போறாரு?"

"எண்ண மாட்டாருதான். கேட்டுக்கிட்டிருப்பாருல்ல?"

"மறுபடி சாக்கத் தூக்கிட்டு எங்க போறது?"

மெசினக்கா அழுதாரா என்று எனக்குத் தெரியாது. நான் திரும்பிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பாடசாலை முற்றத்தில் மேடை. மெசினக்கா வந்தார். தோய்த்த சேலை. புருசன் பின்னால். கூட்டம் நிறைந்திருந்தது. எங்கள் ஆட்களும் வாத்தியாரும்கூட வேலிக்கு வெளியே நின்றார்கள். அமைப்பாளர் தானே மைக்கை அவர் உயரத்துக்குத் தணித்துக் கொடுத்தார்.

"குடம்னு நான் சொன்னதா ஒரு நோட்டீசு வந்திச்சு. நான் சொல்லல."

மேடையில் கைதட்டல்.

"வெளக்குன்னும் சொல்ல வரல. எனக்கே வோட்டு இல்லீங்க. என்னோட வேதத்துக்கு எப்பிடி இருக்கும்?"

முதலில் யாரோ ஒரு பெண் சிரித்தார். பிறகு முற்றம் முழுக்கச் சிரித்தது. அமைப்பாளர் பல்லைக் காட்டியபடி எழும்பினார். மெசினக்கா அவசரம் அவசரமாகப் பேசினார்.

"சிவப்புக் கொடி பசிச்சவனுக்குச் சோறுங்குது. அது வேதத்துல இருக்கு. வாத்தியாரய்யா கட்சி அடிமப்பட்டவன விடுங்கறாங்க. அதும் இருக்கு. அமைப்பாளரய்யா தண்ணி குடுத்தாரு. அது ரொம்ப இருக்கு. ஆனா இத்தன வருசத்துல எதிரிய நேசின்னு ஒரு கட்சியும் எங்கிட்ட பனர் தைக்கக் கொண்டாரல. கொண்டாந்தா தச்சுத் தாறேன். எனக்கும் அது இன்னும் வரல, சேந்து படிச்சுக்கலாம்..."

மைக் நின்றுபோனது. அவர் உதடு அதற்குப் பிறகும் கொஞ்சம் அசைந்தது. என்ன சொன்னார் என்று யாருக்கும் கேட்கவில்லை. படியைப் பார்த்து மெதுவாக இறங்கினார். புருசன் கையைக் கொடுத்தார்.

திங்கட்கிழமை நான் கிளிநொச்சிக்குப் போனேன், நெல் ஆலைக்கு. பொலிசில் பிடித்துக் கொடுப்பார் என்ற நினைப்பில் அம்மாவிடம்கூடச் சொல்லாமல் போனேன். தவிட்டுத் தூசிக்குள் நின்று, "நோட்டீஸ் நான்தான் எழுதினனான். அவாவுக்கு ஒண்டும் தெரியாது. கடிதத்தைக் குடுங்கோ" என்றேன்.

அமைப்பாளர் என்னை இரக்கமாகப் பார்த்தார்.

"உன்னை எனக்கு அண்டைக்கே தெரியும். உன்ர கொப்பர் என்னட்டைத்தானே நெல்லுக் குத்துறவர். தம்பி, அவ குடமெண்டு சொல்லியிருந்தாலும் எனக்குக் கோபமில்லை. குடக்காரரோட கதைச்சு முடிக்கலாம். எல்லாருக்கும் ஒரு விலை, ஒரு தேவை இருக்கு. ஒருத்தற்ற பக்கமும் நிக்காத ஆளோட நான் என்னத்தைக் கதைக்கிறது? நாளைக்கு எல்லாரும் அப்பிடி நிண்டா?"

எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் எனக்கும் மெசினக்காவில் பிடிக்காதிருந்தது அதேதான்.

வாக்கெடுப்பு முடிந்தது. நாடு முழுக்க எண்ணியதில் விளக்கு வென்றது. தையில் காணிக் கச்சேரி வந்தது. பாடசாலை மண்டபத்தில் ஒரு மேசை, காணி அதிகாரி, பக்கத்தில் எழுதுகிற கிளாக்கர். படிவம் நிரப்பத் தெரியாதவர்களுக்கு நிரப்பிக் கொடுக்க நான் போய் வாசலில் குந்தியிருந்தேன். அதற்கு முதல் நாளே அமைப்பாளரின் ஆள் குடியேற்றத்தில் சொல்லிவிட்டுப் போயிருந்தான். மெசினக்காவின் கிணற்றுக் காணியைப் பற்றி யாராவது கேட்டால் 'அரச காணி' என்று சொல்லுங்கள், கடிதம் எழுதின கை அதைக் கிழிக்கவும் செய்யும் என்று. அவ்வளவுதான் சொன்னானாம்.

காணிக் கச்சேரியில் ஒவ்வொருவரும் தன் காணிக்கு நாலு பக்கத்து எல்லையும் சொல்ல வேண்டும். வடக்கே இன்னார் காணி, தெற்கே வாய்க்கால் என்று. சொல்வதைக் கிளாக்கர் பெமிற்றில் எழுதுவார். மெசினக்காவின் காணிக்கு வடக்கே ஒரு கிழவர். அவரைத்தான் முதலில் கூப்பிட்டார்கள். கடிதத்தை நீட்டினார்.

"தெற்கு எல்லை?"

"மெசினக்கா காணிங்க."

கிளாக்கர் நிமிர்ந்தார். "அப்பிடி எழுத ஏலாது. ஆளின்ர சரியான பேர்?"

கிழவர் தலையைச் சொறிந்தார். "அஞ்சு வருசமா அந்தப் பேருதாங்க. வீட்டுக்காரரு பேரு வேணும்னா... மெசினக்கா வீட்டுக்காரருன்னுதாங்க கூப்புடறது."

அதிகாரிக்குச் சிரிப்பு வந்தது. வெளியே நின்ற புருசனிடம் பெயரைக் கேட்டு, அதையும் போட்டு, அடைப்புக்குள் மெசினக்கா என்றும் போடச் சொன்னார். தெற்குக் காணிக்காரப் பெண்ணும் அப்படியே சொன்னார், நிலத்தைப் பார்த்தபடி. கிழக்குக் காணி இரண்டு சகோதரர்களுடையது. இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். நாலாவதாக மேற்குக் காணி, தேத்தண்ணிக் கடைக்காரர். அமைப்பாளரின் ஆள் மண்டபத்து ஜன்னலில் சாய்ந்து நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். இவர்தானே கடை முழுக்க விளக்கு ஒட்டியவர்.

"கிழக்கு எல்லை?"

கடைக்காரர் ஜன்னலைப் பார்த்தார். கடிதத்தைப் பார்த்தார். பிறகு எரிச்சலோடு சொன்னார்.

"மெசினக்கா காணி. வேற என்னாத்தச் சொல்ல? வெளக்குக்குப் போட்டது வேற, வேலி வேற. காலயில எழும்புனா நான் பாக்கறது அந்த வேலியத்தானேங்க?"

பின்னேரம் மெசினக்காவின் புருசனைக் கூப்பிட்டார்கள். மெசினக்காவும் கூடப் போனார். அதிகாரி கடிதம் கேட்டார்.

"இல்லீங்க ஐயா" என்றார் புருசன்.

அதிகாரி பேனாவை மூடினார். பிறகு எழுதி முடித்த பெமிற்றுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார். ஒன்று. இரண்டு. மூன்று. நாலாவதில் விரலை வைத்துக்கொண்டு கிளாக்கரிடம் தாழ்ந்த குரலில் என்னவோ கேட்டார். கிளாக்கர் ஓமென்று தலையாட்டினார்.

"இந்தா பாருங்கோ. கடிதம் இல்லாமல் பெமிற் தர என்னால ஏலாது. ஆனால் இந்தக் காணியை வேற ஒருத்தருக்கு எழுதவும் இனி ஏலாது. நாலு பக்கத்துப் பெமிற்றிலயும் உங்கட காணி எண்டு போயிட்டுது. மாத்திறதெண்டால் நாலையும் கிழிக்க வேணும். அதுக்கு நான் கையெழுத்து வைக்க மாட்டன். அடுத்த கச்சேரிக்கு வாங்கோ."

புருசன் கும்பிட்டுவிட்டுத் திரும்பினார். மெசினக்கா திரும்பவில்லை.

"ஐயா, ஒரு கேள்வி."

கேள்வி கேட்காமல் அவரால் எங்கேயாவது இருந்து எழும்ப முடியுமா?

"தென்னம்புள்ள வைக்கலாங்களா?"

மண்டபத்தில் இருந்த எல்லாருக்கும் அந்தக் கேள்வி விளங்கியது. பெமிற் இல்லாத காணியில் மிளகாய் வைக்கலாம், கச்சான் போடலாம். அறுவடை செய்துகொண்டு எழும்பிப் போகிற பயிர்கள். தென்னை வைத்தால் ஊர் அதிகாரியான விதானையார் வந்து பிடுங்கச் சொல்லுவார். தென்னை வைப்பவர் காய்க்கும்வரை இருக்கப் போகிறவர்.

அதிகாரி ஜன்னலைப் பார்த்தார். அங்கே இப்போது யாரும் இல்லை. மறுபடி அவரைப் பார்த்தார்.

"வையுங்கோ" என்றார்.